விளக்கின் மீது விழுந்த பழி

 

மதரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கும் ஒருவன் கார் எஞ்சினைப் பற்றி எழுத முற்படுவது உங்களுக்கு வியப்பாக இருக்கக் கூடும். நான் கல்லூரியில் வரலாறு பயின்றவன். இயந்திரங்களைப் பற்றி முறையாக எதையும் கற்றவனல்லன். ஆயினும் ஒரு பழைய காரை முன்னிட்டு நான் ஒரு பெரும்பிழை செய்தேன். அது பிழை என்று உணர எனக்குப் பத்தொன்பது நாட்கள் ஆயின. காரைப் பற்றிய செய்தி வண்டி வைத்திருப்போருக்குப் பயன்படும். பிழையைப் பற்றிய செய்தியோ பிள்ளைகளைப் பெற்றோர் எல்லோருக்குமே பயன்படலாம் என்றெண்ணி இதனை எழுதுகிறேன்.

அந்த இரவு

தக்கலையில் பீர்முகம்மது அப்பா தர்காவிலிருந்து சற்றுத் தொலைவில் எங்கள் வீடு இருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, ஆனி மாதத்தின் கடைசி வாரம். எங்கள் குமரி மாவட்டம் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரண்டு பருவமழைகளையும் பெறும் மண். அந்த ஆண்டு ஆனி மழை விடாமல் பெய்து கொண்டிருந்தது. என் தங்கை தலைப்பிரசவத்துக்காக எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள்.

அன்று மஃரிபுக்குப் பிறகு மின்சாரம் நின்று போயிற்று. எட்டாம் வகுப்பில் படித்துக் கொண்டிருந்த என் மூத்த மகனுக்கு மறுநாள் தேர்வு. முன்வாசலில் நின்ற எங்கள் பழைய பெட்ரோல் காருக்குள் அமர்ந்து, அதன் உள்விளக்கைப் போட்டுக் கொண்டு அவன் படித்தான். மின்சாரம் திரும்பியதும் வீட்டினுள் வந்து விட்டான். நான் அதைப் பார்த்தேன். பிள்ளை பொறுப்பாகப் படிக்கிறானே என்று உள்ளூர மகிழ்ந்தும் கொண்டேன்.

நள்ளிரவு கடந்து இரண்டு மணி இருக்கும். "காக்கா, வலி எடுத்திட்டு" என்று தங்கை என்னை எழுப்பினாள். உம்மாவும் என் மனைவியும் அவளைத் தாங்கிப் பிடித்துக் காரின் பின்னிருக்கையில் அமர வைத்தார்கள். நான் சாவியைத் திருப்பினேன். வழக்கமாக 'கிர்ர்ர்' என்று ஒரே மூச்சில் சுழலும் எஞ்சின், அன்று களைத்துப் போன காளை சேற்றிலிருந்து வண்டியை இழுப்பது போல ஒரு சுற்று, சற்று நின்று மற்றொரு சுற்று என்று முனகியது. இரண்டாம் முறை இன்னும் மெதுவாக முனகியது. மூன்றாம் முறை 'டக்' என்று ஓர் ஒலி கேட்டது. அதன்பின் ஒன்றுமில்லை.

பின்னாலிருந்து தங்கையின் அழுகுரல் கேட்டது. எனக்கு எங்கிருந்து அந்தச் சினம் வந்ததோ, குடையுடன் அருகில் நின்ற மகனைப் பார்த்து, "விளக்கைப் போட்டே பேட்டரியைத் தீர்த்து விட்டாயே! உன் மாமிக்கு ஏதாவது ஆகுமானால் நீதான் பொறுப்பு" என்று உரக்கக் கத்தினேன். அவன், "ஒரு மணி நேரந்தான் வாப்பா. அணைச்சிட்டுத்தான் வந்தேன்" என்றான். அதைக் கேட்கும் நிலையில் நான் இல்லை. என் உம்மாவும் மனைவியும் சப்தம் கேட்டு ஓடிவந்த பக்கத்து வீட்டாரும் பார்த்துக் கொண்டிருக்க, அந்தப் பதின்மூன்று வயதுப் பிள்ளை குடையைப் பிடித்தபடி அப்படியே நின்றான்.

பக்கத்து வீட்டுக்காரர் வாடகைக் கார் ஓட்டுபவர். பத்து நிமிடத்தில் தம் வண்டியை எடுத்து வந்தார். வில்லுக்குறி, சுங்கான்கடை, பார்வதிபுரம் என்று மழையில் ஊர்களைக் கடந்து நாகர்கோவில் மருத்துவமனைக்குச் சென்று சேர்ந்தோம். சுபுஹுக்கு முன்னரே பெண்குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம். அல்ஹம்துலில்லாஹ்.

புதிய பேட்டரியும் பழைய நோயும்

மறுநாளே நான் பழைய பேட்டரியைக் கடையில் கொடுத்து விட்டு, மேற்கொண்டு நாலாயிரத்துச் சொச்சம் ரூபாய் கட்டிப் புதியது வாங்கிப் பொருத்தினேன். பழையது வாங்கி இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. அதனைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்ற எண்ணமே எனக்கு எழவில்லை. குற்றவாளியும் குற்றமும் முடிவாகிவிட்ட பின் சோதனை எதற்கு? புதிய பேட்டரியைப் பொருத்தியதும் வண்டி உடனே எடுத்தது. என் தீர்ப்பு சரியென்று எனக்கு நானே சொல்லிக் கொண்டேன்.

வீட்டில் குழந்தையின் வரவால் எல்லோருக்கும் மகிழ்ச்சி. மகன் மட்டும் தங்கையின் அறைப் பக்கம் போவதில்லை. பிள்ளையை எடுத்துக் கொள்ளச் சொன்னால், "கை கழுவலை" என்று நழுவி விடுவான். ஆண்பிள்ளைக்கு உரிய கூச்சம் என்று நான் எண்ணிக் கொண்டேன்.

பத்தொன்பதாம் நாள் திருவிதாங்கோட்டில் ஒரு நிக்காஹ். காலையில் புறப்பட்டுக் காரில் ஏறிச் சாவியைத் திருப்பினேன். அதே முனகல். பேட்டரி புதியது. உள்விளக்கை யாரும் போடவில்லை. மகன் அந்தக் காரின் கதவைத் தொட்டே பத்தொன்பது நாட்கள் ஆகியிருந்தன. சாவியைப் பிடித்த கையோடு நான் நெடுநேரம் அப்படியே அமர்ந்திருந்தேன்.

மேஸ்திரியின் வரிசை

அழகியமண்டபம் சாலையில் ஒர்க்ஷாப் வைத்திருக்கும் முதிய மேஸ்திரி ஒருவர் இருக்கிறார். அறுபதைக் கடந்தவர். அம்பாசிடர் கார்களிலும் லாரிகளிலும் கைப்பழக்கம் பெற்றவர். ஆளனுப்பியதும் ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார். ஒரு ஸ்பானரையும் கையடக்கமான ஒரு மல்டிமீட்டரையும் தவிர அவரிடம் வேறொன்றும் இல்லை.

"பேட்டரி புதுசு மேஸ்திரி, செல்ஃப் மோட்டார்தான் போயிருக்க வேண்டும்" என்றேன் நான். மீண்டும் ஒரு தீர்ப்பு! அவர் சிரித்தார். "முதல்ல காது, அப்புறம் கண்ணு, அப்புறம் கை, அப்புறம் மீட்டர். பணம் அதுக்கும் பொறவு, உஸ்தாதே" என்றார்.

எங்கள் பக்கத்து வர்ம ஆசான்மார் நோயாளி சொல்வதைக் கேட்டு உடனே மருந்து கொடுப்பதில்லை. நாடியைப் பிடித்து, தொட்டுப் பார்த்து, பிறகே வாய் திறப்பார்கள். மேஸ்திரியின் வழியும் அதுவே. என்னைச் சாவியைத் திருப்பச் சொல்லிக் கண்களை மூடிக் கொண்டு கேட்டார். பின்னர் ஹெட்லைட்டைப் போட்டு விட்டு மறுபடியும் திருப்பச் சொன்னார். எஞ்சின் முனகியது. ஆனால் விளக்கின் ஒளி சிறிதுதான் குறைந்தது. "பாத்தீங்களா? பேட்டரிக்குச் சக்தி இல்லாம இருந்தா இந்த வெளிச்சம் அப்படியே செத்துப் போயிருக்கும்" என்றார்.

பிறகு பேட்டரியிலிருந்து புறப்படும் கம்பிகளை ஒவ்வோர் இணைப்பாகத் தொட்டுக் கொண்டே சென்றார். மைனஸ் முனையிலிருந்து இறங்கி, கியர்பெட்டியின் மேல் போல்ட்டால் இறுக்கப்பட்டிருந்த எர்த் கம்பியின் முனையில் அவருடைய விரல் நின்றது. "கை வச்சுப் பாருங்க." வைத்தேன். சுட்டது. எஞ்சின் ஓடவேயில்லை, ஆயினும் அந்த ஓர் இடம் மட்டும் சூடாக இருந்தது.

இறுதியாகவே மீட்டரை எடுத்தார். வண்டி ஓய்வாக நிற்கையில் பேட்டரி 12.6 வோல்ட் காட்டியது. செல்ஃப் சுழலும்போது 11 வோல்ட். இரண்டும் நல்ல நிலையைக் குறிப்பவை. அடுத்து மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸ் முனையிலும், மற்றொன்றை எஞ்சினின் வெற்று இரும்பிலும் வைத்து, செல்ஃப் அடிக்கச் சொன்னார். அங்கே ஏறத்தாழ எதுவுமே காட்டக் கூடாது. கால் வோல்ட் வரை பொறுக்கலாம். மீட்டரோ இரண்டு வோல்ட்டைத் தாண்டியது.

"பேட்டரி நல்லதாக்கும். வழியிலதான் களவு போவுது" என்றார் மேஸ்திரி.

கம்பியின் முனையில் சுற்றியிருந்த டேப்பைப் பிரித்தார். உள்ளே செம்பு இழைகள் பச்சை பூத்து, பாதிக்கு மேல் அரித்துப் போயிருந்தன. வெளியே பார்த்தால் கம்பி முழுமையாகத் தெரிந்தது. கடல் காற்றும் ஆண்டுக்கு இரண்டு மழைக்காலமும் சேர்ந்து பல ஆண்டுகளாகச் செய்த வேலை அது. அரித்த பகுதியை வெட்டியெறிந்து, புதிய முனை பொருத்தி, போல்ட் இருந்த இடத்தை உப்புத்தாளால் வெள்ளை இரும்பு தெரியும் வரை தேய்த்து இறுக்கினார். சாவியைத் திருப்பினேன். முதல் சுற்றிலேயே எஞ்சின் எடுத்தது. கூலி முந்நூறு ரூபாய்.

"அப்படியானால் பேட்டரி மாற்றியதும் சரியானது எப்படி?" என்று கேட்டேன். "புதுசுக்குக் கொஞ்சம் வலு கூடுதல். மாட்டும்போது கம்பியையும் ஆட்டியிருப்பீங்க. கொஞ்சம் தொடர்பு கிடைச்சிருக்கும். பழைய பேட்டரியைச் சோதிச்சுப் பாத்தீங்களா?" என்றார். நான் பதில் சொல்லவில்லை.

சாவியைத் திருப்பினால் நடப்பது என்ன?

வாசகர்களே! அன்றிரவு நான் சில நூல்களைப் புரட்டினேன். வரலாறு படித்தவனுக்கு எதையும் பின்னோக்கிப் பார்க்கும் பழக்கம் விடாது அல்லவா?

எஞ்சின் தானாகத் தொடங்குவதில்லை. வேறொரு சக்தி அதை முதலில் சில சுற்றுகள் சுழற்றி விட வேண்டும். பிஸ்டன்களின் மேல்கீழ் அசைவைச் சுழற்சியாக மாற்றுவது கிராங்க் ஷாஃப்ட் என்னும் வளைதண்டு. வளைதண்டைத் தம் கருவிகளில் பயன்படுத்திக் காட்டியவர்களில் அல்ஜஸரி புகழ் பெற்றவர். தியார்பக்கிர் நகரில் அர்துகீ மன்னர்களிடம் பணியாற்றிய அவர், 1206இல் நிறைவு செய்த தம் நூலில், நீர் இறைக்கும் பொறியொன்றில் சுழற்சியை முன்பின் அசைவாக மாற்ற அதனை அமைத்திருக்கிறார்.

கார்கள் வந்த தொடக்க காலத்தில் இந்தத் தண்டை மனிதனே கைப்பிடி கொண்டு சுழற்றினான். எங்கள் வாப்பா ஓட்டிய அம்பாசிடருக்கும் அப்படியொரு ஹேண்டில் உண்டு. காரின் முன்புறத் துளையில் நுழைத்துச் சுழற்ற வேண்டும். "பெருவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வை, கீழே அமுக்காதே, மேல்நோக்கி இழு" என்று வாப்பா எனக்குச் சொல்லித் தந்தது நினைவிருக்கிறது. எஞ்சின் பின்னோக்கி உதைத்தால் பெருவிரலும் மணிக்கட்டும் முறிந்து விடும். இந்தத் துன்பத்துக்கு முடிவு கட்டியது அமெரிக்காவின் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டர். 1912ஆம் ஆண்டு மாடல் கேடிலாக் கார்களில் அது பொருத்தப்பட்டு வந்தது. நம்மவர் 'செல்ஃப்' என்று அழைப்பது இதைத்தான்.

காரிலுள்ள ஈயப் பேட்டரியோ அதைவிடப் பழையது. பிரான்சின் பிளாந்தே 1859இல் கண்டது. அதில் ஆறு அறைகள். அறைக்கு இரண்டு வோல்ட்டுக்குச் சற்று மேல். ஆகவே முழுமையாக ஏறிய பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் ஏறத்தாழப் பாதி. 12க்குக் கீழே போனால் பெரும்பாலும் தீர்ந்த நிலை.

எங்கள் காரின் நோயை விளங்கிக் கொள்ள, ஜெர்மனியின் ஓம் என்பவர் 1827இல் வெளியிட்ட விதி ஒன்றே போதும். ஓடும் மின்னோட்டத்தைத் தடையால் பெருக்கினால், அந்தத் தடையில் இழக்கப்படும் வோல்ட் கிடைக்கும். அரித்த எர்த் முனையின் தடை ஓர் ஓமில் ஐம்பதில் ஒரு பங்கு, அதாவது 0.02 என்று வைத்துக் கொள்ளுங்கள். ஒரு ஹெட்லைட்டுக்கு வேண்டியது 5 ஆம்பியர். அந்த முனை வழியாக அது ஓடினால் இழப்பு 0.1 வோல்ட்; கண்ணுக்கே தெரியாது. செல்ஃப் மோட்டார் இழுப்பதோ 120 ஆம்பியர் அளவில். அதே முனையில் இழப்பு 2.4 வோல்ட்! மோட்டாருக்கு வர வேண்டிய வலுவில் கணிசமான ஒரு பகுதி அங்கேயே வெப்பமாகிப் போகிறது. விளக்குக்குப் போதுமான இணைப்பு செல்ஃபுக்குப் போதாமற் போவது இதனால்தான். சிறு சுமையில் வெளிப்படாத குறை பெரும் சுமையில்தான் வெளிப்படுகிறது.

நீங்கள் செய்ய வேண்டிய சோதனைகள்

மேஸ்திரியிடமிருந்து நான் கேட்டறிந்த வரிசையை இங்கே தருகிறேன்.

முதலில் ஒலி. சாவியைத் திருப்பியதும் 'டக்டக்டக்' என்று விரைவாகத் தட்டினால், பெரும்பாலும் பேட்டரியில் சக்தி குறைவு அல்லது அதன் முனைகளில் அழுக்கு. ஒரே ஒரு 'டக்' என்றால், சொலினாய்டு, செல்ஃப் மோட்டார் அல்லது அவற்றுக்குச் செல்லும் தடித்த கம்பிகளைப் பார்க்க வேண்டும். 'விர்ர்' என்று மோட்டார் மட்டும் சுழன்று எஞ்சின் அசையாவிட்டால், செல்ஃபின் பல்சக்கரம் எஞ்சினைப் பற்றவில்லை. எந்த ஒலியுமே இல்லையென்றால், சாவி சுவிட்ச், ஃபியூஸ், ஆட்டோமேட்டிக் வண்டியானால் கியர் நிலை ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். எஞ்சின் வழக்கமான வேகத்தில் நன்றாகச் சுழன்றும் பிடிக்கவில்லையானால், பேட்டரியையும் செல்ஃபையும் விட்டு விடலாம். குறை எரிபொருளிலோ தீப்பொறியிலோ இருக்கும்.

அடுத்தது விளக்கு. ஹெட்லைட்டைப் போட்டுக் கொண்டு செல்ஃப் அடியுங்கள். ஒளி முற்றிலும் மங்கினால் பேட்டரியையும் அதன் முனைகளையும் ஐயுறலாம். ஒளி குறையாமல் எஞ்சின் மட்டும் திணறினால், குறை அதற்கு அப்பால் இருக்கிறது.

மூன்றாவது முனைகள். பேட்டரி முனைகளில் வெண்மையாகவோ பச்சையாகவோ பொடி பூத்திருந்தால், வெந்நீரில் ஆப்பச்சோடாவைக் கரைத்துத் துடையுங்கள். அந்தக் கரைசல் பேட்டரியின் மூடித் துளைகளுக்குள் இறங்கி விடக் கூடாது. உலர்ந்த பின் உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். கழற்றும்போது மைனஸ் கம்பியை முதலிலும், மாட்டும்போது அதனைக் கடைசியிலும் கையாள வேண்டும். ஸ்பானர் தவறி வண்டியின் உடலில் பட்டுத் தீப்பொறி பறக்காமலிருக்க இதுவே வழி. எங்கள் காரில் நிகழ்ந்தது போல, கம்பியின் மறுமுனையையும் மறவாமல் பார்க்க வேண்டும். பெரும்பாலோர் மறப்பது அதைத்தான்.

நான்காவது மீட்டர். செல்ஃப் சுழலும்போது பேட்டரியின் முனைகளில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பேட்டரியை மின்னேற்றிச் சோதிக்க வேண்டும். எஞ்சின் ஓடிக் கொண்டிருக்கும்போது 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். அந்த அளவுக்கு ஏறாவிட்டால் மின்னேற்றும் ஆல்டர்னேட்டரில் குறை. அதைச் சரி செய்யாமல் எத்தனை பேட்டரி மாற்றினாலும் பயனில்லை.

இன்னொரு வண்டியின் உதவியால் எடுப்பதானால், சிவப்புக் கம்பியைத் தீர்ந்த பேட்டரியின் பிளஸ்ஸிலும், பிறகு நல்ல பேட்டரியின் பிளஸ்ஸிலும் மாட்டுங்கள். கறுப்புக் கம்பியை நல்ல பேட்டரியின் மைனஸில் மாட்டி, அதன் மறுமுனையை நின்று போன வண்டியின் எஞ்சின் இரும்பில், பேட்டரிக்குத் தள்ளியுள்ள இடத்தில் கடைசியாகப் பற்ற வையுங்கள். பேட்டரியிலிருந்து எரியக்கூடிய ஹைட்ரஜன் வாயு வெளிவரும். அதன் அருகே தீப்பொறி ஆபத்தானது. செல்ஃபையும் ஒரே மூச்சில் நீண்ட நேரம் அடிக்கக் கூடாது. சில நொடிகள் அடித்து, சற்று ஓய்வு கொடுத்தே மீண்டும் முயல வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று சொல்வேன். வீட்டில் ஒருவருக்கு ஆபத்து என்றால், அந்த நேரம் எந்தச் சோதனைக்கும் உரியதன்று. முதல் முனகலிலேயே காரை விட்டிறங்கி 108 எண்ணை அழையுங்கள். பக்கத்து வீட்டுக் கதவையும் தட்டுங்கள். நான் அன்று சாவியோடும் சினத்தோடும் வீணாக்கிய நிமிடங்களை நினைத்தால் இன்றும் நெஞ்சு நடுங்குகிறது.

நான் சொல்ல வேண்டியிருந்தது

மேஸ்திரி போன பின் நான் அரித்துப் போன அந்தக் கம்பி முனையைத் தாளில் சுற்றி எடுத்துக் கொண்டேன். நிக்காஹுக்குச் சென்றேன், மனம் அங்கே இல்லை. ஐயத்தின் பேரில் ஒருவரைக் குற்றம் சாட்டாதீர்கள், தீர விசாரியுங்கள் என்று மதரஸாவில் பிள்ளைகளுக்கு எத்தனையோ முறை பாடம் சொன்னவன் நான். என் பிள்ளை சொன்ன ஒரே ஒரு வாக்கியத்தை நான் விசாரிக்கவில்லை.

அன்று மாலை என் மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் சிறிது நேரம் பேசாதிருந்து விட்டுச் சொன்னாள்: "அவன் ஏன் பிள்ளையை எடுக்க மாட்டேங்கிறான்னு நினைச்சீங்க? தன்னாலதான் மாமி சாகப் பாத்தான்னு நினைச்சிட்டு இருக்கான். ராத்திரி எழும்பி அழுவுறான். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கான்."

வாசகர்களே! அந்த நிமிடம் நான் அடைந்த வெட்கத்தை எழுத்தில் வடிக்க இயலாது. பதின்மூன்று வயதுப் பிள்ளை பத்தொன்பது நாட்கள் அந்தச் சுமையைத் தனியாகச் சுமந்திருக்கிறான். அவன் தூங்கிய அறைக்கு அடுத்த அறையில்தான் நான் நிம்மதியாகத் தூங்கிக் கொண்டிருந்தேன்.

நான் பழி சுமத்தியது பலர் முன்னிலையில். ஆகவே அதைத் திரும்பப் பெறுவதும் அவர்கள் முன்னிலையில்தான் இருக்க வேண்டும் என்று தோன்றியது. இஷாவுக்குப் பிறகு உம்மா, மனைவி, தங்கை ஆகியோரைக் கூடத்தில் அமர வைத்தேன். பக்கத்து வீட்டுக்காரரையும் அழைத்தேன். மகனை அருகில் அமர்த்தி, தாளைப் பிரித்து அந்தக் கம்பி முனையைக் காட்டினேன். பிறகு ஒரு காகிதத்தையும் பென்சிலையும் அவன் கையில் கொடுத்தேன்.

"காரின் உள்விளக்கு 5 வாட். பேட்டரி 12 வோல்ட். எத்தனை ஆம்பியர்?" என்று கேட்டேன். அவன் வகுத்துப் பார்த்து, "பாயிண்ட் நாலு" என்றான். "நீ படித்தது ஒரு மணி நேரம். பேட்டரியின் கொள்ளளவு 35 ஆம்பியர் மணி. நீ எடுத்தது அதில் எவ்வளவு?" பென்சில் சிறிது நேரம் ஓடியது. "நூறில் ஒண்ணுக்குக் கொஞ்சம் மேல, வாப்பா" என்றான். "நீ மறந்து போய் விடியும் வரை எரிய விட்டிருந்தாலும், நல்ல பேட்டரி அதனால் தீர்ந்து விடாது. நீ அணைத்தும் விட்டாய். குறை விளக்கிலும் இல்லை, உன்னிடத்திலும் இல்லை. இதோ, இந்த முனையில் இருந்தது. விசாரிக்காமல் உன் மேல் பழி போட்டவன் நான். உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன், மக்களே" என்றேன்.

அவன் காகிதத்தையே பார்த்துக் கொண்டிருந்தான். பிறகு மெல்லக் கேட்டான்: "அப்ப மாமிக்கு நான் ஒண்ணும் செய்யலையா வாப்பா?"

என் தங்கை அழுது விட்டாள். எழுந்து வந்து அவன் தலையைத் தன் மார்போடு அணைத்துக் கொண்டாள். உம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக் கொண்டு, என்னை ஒரு பார்வை பார்த்தார்கள். நான் சிறுவனாக இருந்தபோது அந்தப் பார்வைக்கு அஞ்சியிருக்கிறேன். அன்றும் அஞ்சினேன்.

சற்று நேரங்கழித்துக் குழாயடியில் தண்ணீர் விழும் ஓசை கேட்டது. எட்டிப் பார்த்தேன். மகன் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவிக் கொண்டிருந்தான். ஈரத்தைத் துடைத்துக் கொண்டு நேராகத் தங்கையின் அறைக்குள் சென்றான்.

இப்போது மாதத்தில் ஒரு நாள் நாங்கள் இருவரும் பானெட்டைத் திறந்து இணைப்புகளைப் பார்க்கிறோம். மீட்டரைப் பிடிப்பவன் அவன். சாவியைத் திருப்புபவன் நான். இந்த மழைக்காலத்திலும் மின்சாரம் அடிக்கடி போகிறது. அப்போதெல்லாம் அவன் புத்தகத்தை எடுத்துக் கொண்டு காருக்குள் சென்று அமர்கிறான். விளக்கை அணைத்தாயா என்று நான் கேட்பதில்லை.